நண்பர்கள் எதிரிகளாகும் நாள்

கேள்வி: ‘டோட்டல் வார்: ஷோகன் 2’ விளையாட்டில் என் கை ஓங்கியதும், நெடுநாள் கூட்டாளிகள்கூட என்மீது படையெடுக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: 2011-இல் வெளியான இந்த விளையாட்டில், ஆடுபவர்களை இரண்டு அணியாகப் பிரித்த விஷயமே இதுதான். ‘பாடுபட்டு வளர்த்த நட்பு வீணாகிறதே’ என்பது ஒரு தரப்பின் வருத்தம். ‘கடைசிவரை சவால் குறைவதில்லை’ என்பது மறுதரப்பின் மகிழ்ச்சி. நான் இரண்டாம் தரப்பு. விளையாட்டின் களமான ஜப்பானின் வரலாற்றிலும் கூட்டாளிகள் இப்படித்தான் திரும்பினார்கள். போர்த்தலைவர் ஓடா நொபுனாகா வலுத்ததும், அவர் துணையால் ஷோகன் எனும் தலைமைப் படைத்தலைவர் பதவிக்கு வந்த யோஷியாகியே பிரபுக்களை அவருக்கு எதிராகத் திரட்டினார். 1573-இல் நொபுனாகா அவரைத் தலைநகர் கியோட்டோவிலிருந்து விரட்டினார். விளையாட்டில் இந்தப் பகை வெடிப்பது உங்கள் புகழ் உச்சம் தொடும்போதுதான். எனவே, அதற்கு முன்பே கருவூலத்தை நிரப்புங்கள்; எல்லைக் கோட்டைகளைப் பலப்படுத்துங்கள். பிறகு துணிந்து கியோட்டோவுக்குப் புறப்படுங்கள்!