மயில்துத்தம்: அமிலத்தில் பிறந்து பயிரைக் காக்கும் உப்பு

களிம்பேறிய செப்புக் குடத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் அது பளபளப்பதை யாவரும் அறிவர். அங்கே நிகழ்வது யாது? புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்து, நீரில் கரையக்கூடிய செப்பு உப்பாக மாற்றிவிடுகிறது. ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் நெடுநேரம் வைத்திருந்த மோரை அருந்தியவர்க்கு வாந்தி உண்டாவதும் இத்தகைய உப்பினாலேயே. அமிலமும் உலோகமும் கூடின் உப்பு பிறக்கும் என்னும் பாடத்தை நமது சமையற்கட்டே கற்பிக்கிறது. விவசாயிகள் கடையில் வாங்கும் மயில்துத்தமும் துத்தநாக சல்பேட்டும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவை பிறக்கும் விதத்தை அறிந்தவர், அவற்றைப் பிழையின்றிப் பயன்படுத்தவும் அறிவர்.

உப்பு உண்டாகும் விதம்

நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளை இட்டால் அவை நுரைத்துக் கரையும். ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். எஞ்சிய நீரைச் சுண்டவைத்து ஆறவிட்டால் துத்தநாக சல்பேட் படிகங்கள் கிடைக்கும். ஏழு பங்கு நீருடன் கூடிய படிகத்தில் 21 சதவீதமும், ஒரு பங்கு நீருடையதில் 33 சதவீதமும் துத்தநாகம் இருத்தல் வேண்டும். நெல் வயலுக்கு இதை வாங்குவோர், மூட்டையின்மேல் எது குறிக்கப்பட்டுள்ளது எனப் பார்த்து வாங்குதல் நலம்.

செம்பின் இயல்பு வேறு. நீர்த்த கந்தக அமிலம் வெறும் செம்பை எளிதில் கரைப்பதில்லை. செம்பைக் காற்றில் சுட்டுக் கருநிற ஆக்ஸைடாக மாற்றிய பின்னரே அது அமிலத்தில் கரைந்து நீலநிறக் கரைசலாகும். அதிலிருந்து விளையும் நீலப் படிகமே மயில்துத்தம். ஒரு கிலோ ஆக்ஸைடிலிருந்து மூன்று கிலோவுக்குச் சற்று மேலாகப் படிகம் பெறலாம். படிகத்தின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செம்பாகும்.

வீட்டில் செய்யலாமா?

செய்தல் ஆகாது. செம்பை அடர்ந்த அமிலத்தில் இட்டுக் காய்ச்சினால் மூச்சை அடைக்கும் கந்தகப் புகை எழும். அடர்ந்த அமிலத்தில் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். ஹைட்ரஜன் சிறு நெருப்புப் பொறியாலும் வெடிக்கும். அமிலச் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் கட்டுப்பாடுகள் விதித்தது. ஆகவே, உப்பைத் தயாரிப்பது தொழிற்சாலையின் வேலை. அதைக் கொண்டு மருந்து கூட்டுவதே விவசாயியின் வேலை.

போர்டோவில் கண்ட உண்மை

பிரான்சு நாட்டில் போர்டோ நகரை அடுத்த மெதோக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் வழக்கம் இருந்தது. 1882-இல் அடிச்சாம்பல் நோய் பரவி மற்றக் கொடிகள் இலையுதிர்ந்து நின்றபோது, பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமையாயிருந்தன. தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே இதைக் கண்டு ஆராய்ந்து, 1885-இல் முறையை வெளியிட்டார். தென்னாட்டில், மைசூர் அரசின் பூசணவியல் அறிஞராயிருந்த கோல்மன், பாக்கு மரத்தின் காய் அழுகல் நோய்க்கு இக்கலவை ஏற்றதென 1910-ஆம் ஆண்டளவில் காட்டினார். இன்றும் பாக்குத் தோப்புகளில் மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறையும், 40 முதல் 45 நாள் கழித்து மறு முறையும் இது தெளிக்கப்படுகிறது.

ஒரு சதவீதக் கலவை கூட்டும் முறை

1. ஒரு கிலோ மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, 50 லிட்டர் நீரின் மேற்பரப்பில் மூழ்குமாறு இரவு முழுவதும் தொங்கவிடுக. கரைந்தது அடியில் இறங்கிக்கொண்டே இருக்குமாதலால் கிளறாமலே யாவும் கரைந்துவிடும்.

2. புதிதாய்ச் சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவைச் சிறிது நீர் தெளித்து நீற்றி, மேலும் 50 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுக. காற்றுப்பட்டுக் கிடந்த பழைய சுண்ணாம்பு வலுவிழந்திருக்கும்.

3. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றி, மரக்கோலால் கலக்குக. மாற்றி ஊற்றலாகாது.

மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களையே கொள்க. இரும்புப் பீப்பாயும் நாகம் பூசிய வாளியும் உதவா. அவை கரைந்து, மருந்தாக வேண்டிய செம்பு பாத்திரத்தின் சுவரிலேயே படிந்துவிடும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். வெற்றிலைக்கொடியின் அடியில் ஊற்றுவதற்குக் கால் சதவீதமே போதும். அதாவது 100 லிட்டருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் 250 கிராம் வீதம்.

அரிவாள் சோதனை

நன்கு தீட்டிய அரிவாளின் நுனியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பார்க்க. செந்நிறப் படலம் தோன்றினால், இணையாத செம்பு எஞ்சியுள்ளது என்று பொருள். அதை அப்படியே தெளித்தால் இலை கருகும். மேலும் சுண்ணாம்பு நீர் சேர்த்து, படலம் தோன்றாத வரை சோதிக்க. இரும்புப் பீப்பாயைக் கெடுக்கும் அதே வினைதான் இங்கே நமக்குச் சாட்சி சொல்கிறது.

மறத்தலாகாதவை

நல்ல மயில்துத்தம் ஆழ்ந்த நீலமாயிருக்கும். பச்சை சாயல் காணின் அன்னபேதி கலந்திருக்கக்கூடும். இக்கலவை நோய் வருமுன் காப்பதேயன்றி, வந்த பின் தீர்ப்பதன்று. தெளிப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிக. மயில்துத்தம் நஞ்சாதலால் குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க. எவரேனும் விழுங்கிவிட்டால் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. செம்பு மண்ணில் அழியாது தங்கும். மீன்களுக்குக் கேடு செய்யும். ஆகவே தெளிப்பானைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவலாகாது.

ஊராட்சியின் பங்கு

பருவத்திற்கு முன் ஒரு நாள் விவசாயிகளைக் கூட்டி, வேளாண்மை அலுவலரைக் கொண்டு இம்முறையையும் அரிவாள் சோதனையையும் நேரிற் காட்டச் செய்தல் ஊராட்சி உறுப்பினர்க்கு எளிது. எடை பிசகாத தராசு ஒன்றும், தெளிப்பான் கழுவ நீர்நிலைக்கு எட்டிய ஓரிடமும் ஒதுக்கினால் போதும். ஒரு வீட்டார் செய்யும் தவறு, ஊர் முழுதும் குடிக்கும் நீரைக் கெடுக்கும். ஓர் ஊர் கற்கும் பாடம், ஒவ்வொரு வீட்டாரின் தோட்டத்தையும் காக்கும்.