வீட்டுக்குள் பூக்கும் மெழுகுப் பூ



வீட்டுக்குள்ளேயே பூக்கிற கொடி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹோயா. பூ மெழுகில் செய்தது போல் பளபளன்னு இருப்பதால் மெழுகுப் பூ என்றும் சொல்லுவாங்க. தாமஸ் ஹோய் என்ற இங்கிலாந்து தோட்டக்காரர் நினைவாக, 1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞர் இந்தப் பெயரை வைத்தார். நம்ம ஊர் எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டிலும் பூவுக்கு ஐந்து முனை; இலையைக் கிள்ளினால் பால் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயா வகைகள் மரத்தில் தொற்றி வளர்கின்றன.

வளர்க்கும் முறை:

1. சின்னத் தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம் வேணும். மரத்தில் தொற்றும் செடி என்பதால் வேருக்குக் காற்று தேவை. தேங்காய் நார், கரித்துண்டு, செங்கல் துண்டு, கொஞ்சம் மக்கிய எரு கலந்து வைக்கவும்.

2. வெளிச்சமான ஜன்னல் ஓரம் நல்லது. மத்தியான வெயில் பட்டால் இலை கருகும். இருட்டு மூலையில் பூக்காது.

3. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணி ஊற்றவும். தடித்த இலையில் தண்ணீர் சேமிப்பு இருக்கிறது. தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

4. பூ உதிர்ந்ததும் காம்பை வெட்டாதீங்க. அதே காம்பில்தான் மறுபடி பூக்கும்.

5. இரண்டு கணு உள்ள தண்டை நட்டாலே புதுச் செடி. பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். பொறுமை வேணும்.

இந்தச் செடி காற்றைச் சுத்தம் பண்ணுமா?

எங்க அக்கா ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை செய்றாங்க. துணியெல்லாம் தின்னர் வாசனை. அதனால் இந்தக் கேள்வி எனக்கு முக்கியம். 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 28 வீட்டுச் செடிகளைச் சோதித்தார்கள். நச்சு ஆவிகளை நன்றாக உறிஞ்சியவற்றில் ஹோயாவும் ஒன்று. ஆனால் அது மூடிய கண்ணாடி ஜாடிக்குள் நடந்த சோதனை. 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு, வெளிக்காற்று வந்து போவதால் கிடைக்கும் பலன் செடியால் கிடைக்க, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்கிறது. எங்க வீட்டில் அவ்வளவு வைத்தால் நாங்க படுக்க இடம் இருக்காது!

ஆகவே ஜன்னலைத் திறப்போம். வேலையில் முகக்கவசம் போடச் சொல்லுவோம். ஹோயா பூ ராத்திரியில்தான் அதிகம் மணக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு அந்த வாசனை ஒரு வரவேற்பு.

காற்றுக்கு ஜன்னல்! மனசுக்குப் பூ!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வடக்குப்பட்டு