மருந்து ஊற்றுமுன் கரியை வெளியே எடுங்கள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது இதுதான்: தொட்டியில் மருந்து ஊற்றும் முன் ஃபில்டரில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மாலகைட் கிரீன் விட்டதும் தண்ணீர் நீலப்பச்சையாகிறது. கரி உள்ளேயே இருந்தால் அந்த நிறம் சீக்கிரமே வெளுத்துவிடும்; நிறத்தோடு மருந்தும் போய்விடும். நோய் தணியாததைப் பார்த்து, மருந்து மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்றை வாங்கி ஊற்றுவார்கள். அதற்குள் மீன் செத்துவிடும். மருந்தையும் கரியையும் ஒரே பையில் போட்டு விற்கும் கடைக்காரர்கள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கரி மருந்தை இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஃபில்டருக்கான சிரட்டைக் கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி பாய்ச்சிப் பக்குவப்படுத்தும்போது அதற்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. நல்ல கரியில் ஒரே கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீட்டரைத் தொடும். நீரில் கரைந்த கரிமப் பொருள்கள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. சாய மருந்துகளும் கரிமப் பொருள்களே. அழுக்கு எது, மருந்து எது என்று கரிக்குத் தெரியாது.

கரி எப்போதும் இருந்தால்தான் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பார்கள். மஞ்சள் நிறம், வாடை, குளோரின் ஆகியவற்றைக் கரி நன்றாகவே நீக்கும். மீனைக் கொல்லும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அது பிடிப்பதில்லை. தண்ணீர் தெளிந்திருப்பதாலேயே மீனுக்கு ஆபத்தில்லை என்று நம்பிவிடக் கூடாது. கரி போட்டபின் அம்மோனியா குறைந்ததே என்று கேட்பவர்களும் உண்டு. குறைந்திருக்கலாம், அது நாளடைவில் கரியின்மேல் படர்ந்த பாக்டீரியாவின் வேலை. பஞ்சிலும் பீங்கான் வளையத்திலும் அதே பாக்டீரியா வளரும். அதனால்தான் பழைய கரியைத் தவிர வேறு ஊடகம் இல்லாத சின்ன ஃபில்டரில் அதை ஒரேயடியாக வீசிவிடக் கூடாது. முதலில் பஞ்சு வைத்து, சில வாரம் அதில் பாக்டீரியா பிடித்தபின் கரியை எடுக்கலாம். மீன் ஏற்கெனவே நோயில் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. வேறொரு வாளியில் மருந்து கொடுத்து, அங்கே காற்றுக் குழாய் விட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றிய நீரின் அளவுக்கு மட்டும் மருந்து சேர்த்தால் போதும்.

பழைய கரியை வெயிலில் காயவைத்தோ கொதிக்கவைத்தோ மீண்டும் போடலாம் என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். துளைகளில் ஒட்டியதை விடுவிக்க உலைச் சூடு வேண்டும். வீட்டு அடுப்பில் அது வராது. புதுக் கரியைக் கழுவித் தூசு போக்கி, பஞ்சுக்குப் பின்னால் வையுங்கள். தொட்டியிலேயே மருந்து கொடுத்திருந்தால், சிகிச்சை முடிந்தபின் மிச்ச மருந்தை இழுக்க அது உதவும்; அந்த வேலை தீர்ந்ததும் எடுத்துவிடலாம்.