மேசைக் கணினியில் பயிற்சிக் கைப்பேசி

கைப்பேசிச் செயலிகளைப் பலருக்கும் ஒருங்கே கற்பிக்க, பஞ்சாயத்து அலுவலகக் கணினியிலேயே ஒரு மாதிரிக் கைப்பேசியை நாம் அமைத்துக்கொள்ளலாம். இதற்கு ‘எமுலேட்டர்’ என்று பெயர்.

கணினியில் 16 ஜி.பி. நினைவகமும், வட்டில் அதே அளவு காலியிடமும் இருத்தல் நலம். முதலில் ‘பயாஸ்’ அமைப்பில் ‘விர்ச்சுவலைசேஷன்’ வசதியை இயக்குக. இன்றேல் கருவி சரிவர இயங்காது. பின்னர், கூகுள் நிறுவனம் இலவசமாக வழங்கும் ‘ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ’வை நிறுவுக. அதன் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் கைப்பேசி மாதிரி ஒன்றையும், ‘பிளே ஸ்டோர்’ அடங்கிய ஆண்ட்ராய்டுப் பதிப்பையும் தேர்ந்து இயக்குக. பழகுகையில் பிழை நேரின், கருவியைத் துடைத்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கலாம்.

ஒன்றை மறவற்க: கருவியை அழித்தாலும், செயலி வழியே அனுப்பிய விவரம் அழியாது. இதில் இருப்பிடத்தையும் நாமே விரும்பியவாறு குறிக்க இயலும். ஆதலின் இது பயிற்சிக்கே உரியது. வயலுக்குச் செல்லாமல் வயற்பதிவு செய்வது பொய்க்கணக்கே ஆகும்.