மரச்சாமானுக்குப் பசி எடுக்காது

மேசை மங்கினால் தேங்காய் எண்ணெய், அலமாரியில் பூஞ்சணம் பூத்தால் வெயில், கட்டில் உளுத்தால் மண்ணெண்ணெய். போர்ட் கிள்ளான் வீடுகளில் கைமாறி வரும் இந்த வைத்தியங்கள் பெரும்பாலும் நோயைத் தொடுவதே இல்லை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் கடலோரம் இது. பலகை கெடுவதும் நிலைப்பதும் அந்த ஈரத்தைப் பொறுத்துத்தான்.

நம்பிக்கை: மரம் காய்ந்துபோகும், அடிக்கடி எண்ணெய் ஊட்ட வேண்டும்.

உண்மை: அறுத்த பலகைக்கு உயிரில்லை, ஊட்டமும் தேவையில்லை. வார்னிஷ் பூசிய சாமானில் எண்ணெய் உள்ளேயே இறங்காது. தேங்காய் எண்ணெய் இறுகவும் செய்யாது. பிசுபிசுவென்று நின்று தூசியை இழுக்கும். சாமி மேடையின் அடித்தட்டை விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்: விளக்கிலிருந்து வழிந்த எண்ணெயில் ஊதுவத்திச் சாம்பலும் குங்குமமும் ஒட்டிக் கறுத்த படலமாகியிருக்கும்.

வார்னிஷ் இல்லாமல் எண்ணெய் மெருகு மட்டும் ஏற்றிய சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய் போன்ற, காற்றில் இறுகும் எண்ணெய் பொருந்தும். மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றலாம். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

நம்பிக்கை: வெயிலில் போட்டால் புழு சாகும், ஈரமும் போய்விடும்.

உண்மை: துறைமுகத்திலிருந்து வரும் மரப் பலகைத் தட்டுகளில் கோதுமைக் கதிர் முத்திரையும் ‘ஹெச்டி’ என்ற எழுத்தும் இருக்கும். ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி சூடேற்றியதற்கான அடையாளம் அது. வழக்கமான முறையில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, 30 நிமிடம் நிற்க வேண்டும். வாசல் வெயில் கட்டில் காலின் நடுவை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகும் என்று நம்ப முடியாது. மேல்புறம் மட்டும் வேகமாகச் சுருங்கி வெடிக்கும், நிறம் வெளுக்கும்.

வெள்ளத்தில் நனைந்த சாமானுக்கும் இதே கணக்குதான். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசல்களில் தளவாடங்கள் குவிந்து கிடந்தன. தூள்பலகை ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. முழுமரச் சாமானைப் பல சமயம் காப்பாற்றலாம்: சேற்றைக் கழுவி, இழுப்பறைகளைக் கழற்றி, நிழலில் காற்றாடி வைத்து வாரக்கணக்கில் மெல்ல உலர்த்த வேண்டும்.

நம்பிக்கை: தேக்கைக் கறையான் தொடாது.

உண்மை: பாதி சரி. தேக்கின் வைரப்பகுதிக்குத்தான் அந்தக் காப்பு. பட்டைக்கு அடுத்துள்ள வெளிர் பகுதியைக் கறையான் அரிக்கும். வாங்கும்போது நாற்காலியைக் கவிழ்த்து, கால்களிலும் பின்சட்டத்திலும் வெளிர் பட்டைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

நம்பிக்கை: ரப்பர் பலகை மட்டமானது, சீக்கிரம் உளுத்துப்போகும்.

உண்மை: பச்சையாக விட்டால் உளுத்துத்தான் போகும். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் அது விருந்து. நம் முன்னோர் பால் வெட்டிய மரங்கள் 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிச் சாய்க்கப்பட்டு, ஒருகாலத்தில் விறகாகவே எரிந்தன. அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு கதை மாறியது. இன்று மூவாரின் தளவாடத் தொழிலுக்கு அதுவே முக்கியப் பலகை. முறையாகப் பதப்படுத்தியது வீட்டுக்குள் பல்லாண்டு உழைக்கும். போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் குளியலறையிலும் மழைச்சாரல் படும் ஐந்தடியிலும் மட்டும் வைக்கக் கூடாது.

நம்பிக்கை: மாவு கொட்டினால் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும்.

உண்மை: கொட்டுவது என்ன என்று முதலில் பாருங்கள். முகப்பவுடர் போல மிருதுவாக இருந்தால் மாவு வண்டு. குருணை குருணையாக உருண்டால் உலர்மரக் கறையான். சுவரோரம் மண்குழாய் ஏறினால் தரைக்கறையான். அதன் கூடு மண்ணுக்குள் இருக்கும், அலமாரியை மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. கடையில் வாங்கும் ஸ்ப்ரே அடித்தால் வேறு வழியாக ஏறும். குழாயைக் கலைக்காமல் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய் ஓட்டையின் வாய்ப்புறத்தை நனைப்பதோடு சரி. உள்ளே நீளும் சுரங்கம் முழுக்கப் போகாது. நாற்றமும் தீ அபாயமும்தான் மிஞ்சும்.

நம்பிக்கை: ஏர்கோன் அறையில் மரம் பத்திரமாக இருக்கும்.

உண்மை: இரவெல்லாம் ஏர்கோன், பகலெல்லாம் திறந்த சன்னல் என்றால் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே திறந்த கூடத்தில் நிற்கும் மரத்தில் சுமார் 16 சதவீத ஈரம் இருக்கும். எந்நேரமும் ஏர்கோன் ஓடும் அறையில் அது 11 அளவுக்கு இறங்கும். இடம் மாறினால் ஒரு மீட்டர் அகலத் தேக்கு மேசை, பலகை அறுத்த திசையைப் பொறுத்து, 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. மேசையின் நடுவே பிளவு ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கூடத்திலிருந்த பழைய மேசையைப் படுக்கையறைக்கு மாற்றினால், குளிர்க்காற்று நேரே படாத மூலையில் போடுங்கள்.

நம்பிக்கை: சூடான கோப்பிக் குவளையின் வெள்ளை வளையம் அழியாது.

உண்மை: அது பெரும்பாலும் பூச்சில் சிக்கிய ஈரம். ஓரிரு நாள் பொறுங்கள். போகாவிட்டால் முடி உலர்த்தியின் மெல்லிய சூடு போதும். கறுத்த வளையம் என்றால் ஈரம் மரத்துக்கே இறங்கிவிட்டது. அது தச்சர் வேலை.

பளபளப்பு டின்னுக்குச் செலவிடும் ரிங்கிட்டில் ஓர் ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். 75 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், காற்றாடியைப் போட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பூச்சு மங்கினால் மேல்புறத்தோடு நிறுத்தாமல் அடிப்புறத்துக்கும் பின்பலகைக்கும் சேர்த்தே பூசச் சொல்லுங்கள். பூசாத பக்கம்தான் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். மாவு வண்டு முட்டையிடுவதும் அங்கேதான்.