தோட்ட முதுகுவலிக்குக் கப்பிங்கா, பிசியோதெரபியா?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தோளும் இடுப்பும்தான் அதிகம் அடிவாங்குகின்றன. ஒரு கை கிளையை வளைத்துப் பிடிக்க, மறு கை பழம் பறிக்கும். இடுப்பில் கட்டிய பை கனக்கக் கனக்க முதுகு முன்னால் சாயும். இந்த வலிக்கு உடனடி சுகம் எதில் என்று மட்டும் பார்த்தால் கப்பிங் ஜெயித்துவிடும். தோலில் கவிழ்த்த கிண்ணத்திலிருந்து பம்பால் காற்றை இழுத்ததும் அதற்குள் தோல் உப்பி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து கருஞ்சிவப்பு வட்டம் விழுகிறது. அது 'கெட்ட ரத்தம்' இல்லை, வெறும் கன்றல். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகம் பார்த்ததும் அதைத்தான். பதக்கத்தை வாங்கித் தந்தது என்னவோ நீச்சல்குளம். அதே ஆண்டு ஜெர்மனியில் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாள்பட்ட உடல்வலி உள்ள 141 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களைவிடக் கப்பிங் செய்தவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் உறிஞ்சாத போலிக் கிண்ணம் வைத்தவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை.

அதற்காகப் பிசியோதெரபி என்ற பெயரில் செய்வதெல்லாம் உசத்தி என்றும் சொல்ல முடியாது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல் உடற்பயிற்சியை ஏற்கிறது. இடுப்பு பெல்ட்டையும், இழுவை சிகிச்சையையும், நம்மூரில் 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்களே, அதையும் வேண்டாம் என்கிறது. கிண்ணமோ கரண்டோ, இரண்டிலும் நாம் சும்மா படுத்திருக்கிறோம். ஆகவே பிசியோதெரபிஸ்டிடம் போனால், வீட்டில் செய்ய என்ன பயிற்சி என்று கேட்டு வாங்குங்கள். நாளெல்லாம் உழைக்கிறவருக்குப் பயிற்சி எதற்கு என்பார்கள். பழம் பறிப்பது ஒரே தசையை ஒரே பக்கம் இழுக்கும் வேலை. பயிற்சி, அந்த வேலை தொடாத தசைகளைப் பலப்படுத்துவது. சிகிச்சைக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. வாராவாரம் கிண்ணம் வைக்க அது கட்டாது; ஒருமுறை போய்க் கற்ற பயிற்சி வீட்டிலேயே இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. நடமாட முடியாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம்.

அத்தோடு கப்பிங்கும் வேண்டுமென்றால், தோலைக் கீறாத உலர் கப்பிங் போதும். ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா பக்கம் போக வேண்டாம். சர்க்கரை இருந்தால் கீறல் புண்ணாகலாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து வந்த வலி என்றாலோ, முதலில் அரசு மருத்துவமனை. மற்ற எதுவும் அதற்கப்புறம்.