உப்பு வாருகிறவரிடம் கொள்கையைப் பற்றிக் கேட்பானேன்?

மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வெள்ளைக் குவியல்களைப் படம் எடுக்க வண்டியை நிறுத்துவார்கள். அந்த உப்பை வாரியவரிடம் நாட்டின் தொழில்நுட்பக் கொள்கை பற்றியும் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அதெல்லாம் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் பார்த்துக்கொள்கிற வேலை என்பது ஊர் நம்பிக்கை.

அளத்தில் நடப்பது என்ன? கடல்நீரில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. பாத்தி மாற்றிப் பாத்தியாக அது வெயிலில் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படியும். அடர்த்தி போமே அளவில் 25 டிகிரியைத் தொட்ட பிறகே சமையல் உப்பு மணியாகத் திரளும். 30 டிகிரியை நெருங்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். மெக்னீசியம் மிகுந்த அந்த நீர் தங்கினால் உப்பு கசக்கும், காற்றில் கசியும். மேல்நிலை வேதியியல் பாடத்தில் வரும் படிகமாக்கலை இந்த ஊரார் காலால் மிதித்தே கற்றிருக்கிறார்கள்.

பள்ளிக்கு வெளியே, வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அளத்தைவிடப் பெரிய ஆய்வகம் வேறு எங்கே இருக்கிறது?

கொள்கை அளத்துக்கு வராது என்பதும் பொய். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பைத்தான் விற்க வேண்டும் என்ற விதி 1998இல் வந்தது, 2000இல் போனது, 2006இல் திரும்பி வந்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ‘அயோடின் கெடுதல் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று இன்னும் சிலர் பேசுவதுண்டு. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் அப்படியொரு விதி போட அதிகாரமில்லை என்றது. அதே விதி ஆறு மாதம் தொடரவும் விட்டது. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புதிய விதி வந்தது.

‘நாம் சொல்லி என்ன மாறப்போகிறது?’ இது அடுத்த நம்பிக்கை. 484 பக்கத் தேசியக் கல்விக் கொள்கை வரைவு 2019 மே கடைசியில் வெளியானது. இந்தி பேசாத மாநிலங்களிலும் இந்தியைப் படிக்கச் சொன்ன பகுதிக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 3ஆம் தேதியே அந்தப் பகுதி திருத்தப்பட்டது. 2010இல் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய் குறித்து ஏழு நகரங்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திய பிறகு, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார்.

அதற்காக, இணையத்தில் வரைவைப் போட்டுவிட்டால் மக்களைக் கேட்டாயிற்று என்றும் நம்ப வேண்டாம். சட்டமோ விதியோ கொண்டுவருமுன் வரைவை 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும் என 2014இல் மத்திய அரசே முடிவெடுத்தது. ஆனால் கடல் வளம் சார்ந்த ‘நீலப் பொருளாதாரக்’ கொள்கை வரைவுக்கு 2021 பிப்ரவரியில் கொடுத்தது 17 முதல் 27 வரை, பத்தே நாள். அது சட்டமல்ல, கொள்கைதானே என்று வாதாடலாம். கடற்கரை முழுவதையும் தொடுகிற கொள்கை அது. மரக்காணத்திலோ பிப்ரவரி அளத்து வேலை சூடுபிடிக்கும் மாதம்.

மொழியும் ஒரு பூட்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் பெயர்க்கும்படி 2020 ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது.

எழுதிக் கொடுத்தால் அரசு கேட்டே ஆக வேண்டும் என்பதும் இன்னொரு முனையின் மூடநம்பிக்கை. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல. ஆனால் பதிவாகாத கருத்தை வைத்து நீதிமன்றத்தில் பேச முடியாது, அவ்வளவுதான்.

பெரிய திட்டங்களுக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில், பேசியவற்றை எழுதி, கடைசியில் உள்ளூர் மொழியில் கூட்டத்துக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. படித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம்.